நிலக்கரி, நாணயம், சுங்கச்சாவடி: ஐரோப்பா ஒன்றுசேர்ந்த கதையை எட்டு மாலைகளில் கேட்ட அனுபவம்

சிங்கப்பூரின் பிராஸ் பாசா எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை எட்டு வாரங்கள் நடந்த வகுப்புத் தொடர் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. ஐரோப்பிய நாடுகள் அரசியலிலும் பொருளியலிலும் எப்படி ஒன்றுசேரத் தொடங்கின, அதன் வேர்கள் எங்கே இருக்கின்றன என்பதுதான் பாடம். ஆங்கிலத்தில் நடத்தினார்கள். கட்டணம் 320 வெள்ளி. பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்த முடியாது, கைக்காசுதான். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நடத்தும் அமைப்பின் பெயரையும் விரிவுரையாளரின் பெயரையும் இங்கே தரவில்லை.

நான் வரலாறு படித்தவன் அல்லன். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஏற்றுமதி, இறக்குமதிப் பத்திரங்களைத் தயாரித்து, சுங்கத்துறையின் பெர்மிட்டுக்குக் காத்திருந்து, இந்தச் சரக்கின் பிறப்பிடம் எது என்ற கேள்விக்குப் பதில் எழுதியே ஓய்வு வயதை எட்டியவன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தடையற்ற வர்த்தக உடன்பாடு 2019 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது, தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை, ஏற்றுமதியாளரே வணிகப் பத்திரத்தில் பிறப்பிடம் பற்றிய ஒரு வாசகத்தை எழுதிக்கொடுத்தால் போதும் என்ற புதிய நடைமுறையை அலுவலகத்து இளையவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அங்கிருந்து வரும் சரக்கு ஜெர்மனியில் செய்யப்பட்டதா இத்தாலியில் செய்யப்பட்டதா என்பது அந்த உடன்பாட்டுக்குப் பொருட்டில்லை; மொத்தமும் ஒரே பிறப்பிடம். ஒன்றையொன்று இருமுறை தரைமட்டமாக்கிய நாடுகள் எப்படி ஒரே பிறப்பிடம் ஆயின என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் பணம் கட்டினேன்.

முதல் வகுப்பு முடிந்தபோது அந்தப் பணம் வீண் என்றே நினைத்தேன். 800ஆம் ஆண்டில் பேரரசராக முடிசூட்டப்பட்ட சார்லமேனில் தொடங்கி, 1648இன் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை, 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதிய கான்ட், 1849இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் ஐரோப்பிய ஐக்கிய நாடுகளைக் கனவு கண்டு பேசிய விக்டர் யூகோ என்று இரண்டு மணி நேரத்தில் ஆயிரம் ஆண்டுகளை ஓட்டமாக ஓடிக் கடந்தார்கள். பெரிய மனிதர்கள் நல்ல கனவுகளைக் கண்டார்கள் என்பதற்கு மேல் என் நோட்டில் எதுவும் தேறவில்லை. 1923இல் ஐரோப்பா முழுவதையும் ஒன்றாக்கும் திட்டத்தை முன்வைத்த குடென்ஹோவ்-கலெர்கி தோக்கியோவில் பிறந்தவர், அவருடைய தாயார் மிட்சுகோ ஒரு ஜப்பானியப் பெண் என்ற ஒரு செய்தி மட்டும் மனத்தில் நின்றது.

இரண்டாம் வாரம் கதை மாறியது. மாணவர்கள் அமர்ந்திருந்த பத்து மேசைகளையும் பத்துக் குட்டி நாடுகளாக அறிவித்துவிட்டு, துணிக்கட்டு என்று சொல்லப்பட்ட ஒரு பொட்டலத்தை முதல் மேசையில் வைத்தார் விரிவுரையாளர். பொட்டலம் கடைசி மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி விதி: ஒன்று எடைக்கு வரி கேட்கும், ஒன்று நீளத்துக்கு, ஒன்று மதிப்புக்கு, இன்னொன்று பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் விடாது. வணிகராக நடித்த தொடக்கக்கல்லூரி மாணவர் கையிலிருந்த வில்லைகளெல்லாம் ஆறாவது மேசையிலேயே தீர்ந்துபோயின. அந்த மேசைக்கு நான்தான் சுங்க அதிகாரி. “அங்கிள், நீங்க ரொம்பக் கறார்” என்றார் அவர். பழக்கதோஷம், என்ன செய்வது.

அந்த விளையாட்டுக்கு மூலம் 1819இல் பொருளியலாளர் ஃபிரெடரிக் லிஸ்ட், பல தனித்தனி அரசுகள் சேர்ந்திருந்த ஜெர்மன் கூட்டமைப்பின் பேரவைக்கு எழுதிய ஒரு மனு. ஹாம்பர்க்கிலிருந்து ஆஸ்திரியாவுக்கோ பெர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்கோ வியாபாரம் செய்பவன் பத்து நாடுகளைக் கடந்து, பத்துச் சுங்கவிதிகளைப் படித்து, பத்து முறை வரி கட்ட வேண்டியிருக்கிறது என்று அவர் அதில் முறையிட்டிருந்தார். அந்த அரசுகளில் ஒன்றான பிரஷ்யா அதற்கு முந்தைய ஆண்டே தன் எல்லைக்குள் இருந்த உள்நாட்டுச் சுங்கங்களை நீக்கியிருந்தது. அங்கிருந்து பேரம்பேசி, மிரட்டி, விட்டுக்கொடுத்து 1834 சனவரி முதல் நாளில் ‘ஸோல்ஃபெராய்ன்’ என்ற சுங்க ஒன்றியம் பிறந்தது. வெளி எல்லையில் ஒரே வரி, உள்ளே வரியில்லை, வசூலான பணம் மக்கள்தொகைக் கணக்கில் பிரித்துக்கொடுக்கப்படும். இந்தக் கடைசி விதியை விரிவுரையாளர் பலகையில் இரண்டு முறை கோடிட்டார். பெரிய நாடான பிரஷ்யா தன் வருமானத்தில் ஒரு பகுதியைச் சிறிய நாடுகளுக்கு விட்டுக்கொடுத்து அவற்றின் கஜானாவைத் தன்னோடு கட்டிப்போட்டது. ஆஸ்திரியாவை உள்ளே விடவே இல்லை.

இதைப் பாராட்டிப் பேசிவிட்டு வகுப்பை முடித்திருந்தால் சாதாரணமாகத்தான் இருந்திருக்கும். அவர் 1866க்குப் போனார். பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டபோது, பவேரியா, சாக்சனி, ஹனோவர், வுர்ட்டம்பர்க் முதலிய சுங்க ஒன்றிய உறுப்பினர்கள் ஆஸ்திரியாவின் பக்கம் நின்று பிரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டன; போர் நடந்தபோதும் ஒன்றியத்தின் சுங்க வசூல் நிற்கவில்லை. ஒரே சந்தையில் இருப்பவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு வந்திருந்த எனக்கு இது நல்ல அடி. பண்டம் போக வழியிருந்தால் மட்டும் போதாது, வழக்கு வந்தால் தீர்க்க இரு தரப்புக்கும் மேலே ஒரு நடுவர் வேண்டும், அந்த நடுவர் எங்கிருந்து வந்தார் என்பதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம் என்று சொல்லி அன்று அனுப்பிவைத்தார். மீதி ஆறு வகுப்புக்கும் அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

அதே வகுப்பின் கடைசிக் கால்மணி நேரத்தில் வந்த ரைன் ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1815 வியன்னா மாநாட்டில் முடிவாகி, மறு ஆண்டு மைன்ஸ் நகரில் முதல்முறை கூடிய ரைன் கப்பல் போக்குவரத்து ஆணையம், இன்னும் இயங்கிவரும் அனைத்துலக அமைப்புகளில் மிகப் பழையது. ஆற்றோரச் சிற்றரசர்கள் தலைமுறை தலைமுறையாக வசூலித்துவந்த ஆற்றுச் சுங்கம் 1868 மான்ஹைம் ஒப்பந்தத்தோடு ஒழிந்தது. துறைமுக ஊரில் பிழைத்த எனக்கு இன்னும் அரைமணி நேரம் அதிலேயே இருந்திருக்கலாம் என்று பட்டது.

மூன்றாம் வாரம் நாணயங்கள். பிரான்சு, பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் 1865இல் செய்துகொண்ட லத்தீன் நாணய ஒன்றியம்தான் பொருள். விரிவுரையாளர் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து மூன்று வெள்ளிக்காசுகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் மூன்றாம் நெப்போலியன், ஒன்றில் பெல்ஜியத்தின் இரண்டாம் லியோபோல்ட், ஒன்றில் இத்தாலியின் விட்டோரியோ இமானுவேலே. தலைகள் வேறு, எழுத்து வேறு. ஆனால் மூன்றும் ஒரே அளவு. ஒப்பந்தப்படி ஒவ்வொன்றும் 25 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. சமையலறைத் தராசு ஒன்றை மேசையில் வைத்து எங்களையே நிறுக்கச் சொன்னார். 24.8, 24.7, மறுபடியும் 24.8. குறைந்திருப்பது நூறாண்டுக் கைத்தேய்மானம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது யாருடைய காசு என்று சொல்ல முடியவில்லை. வகுப்பில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

பிறகு அது ஏன் நிலைக்கவில்லை? தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 15.5 மடங்கு என்று கட்டிவைத்த விகிதம் 1870களில் வெள்ளி விலை சரிந்ததும் ஆட்டம்கண்டது. அதைவிட முக்கியமான ஓட்டை வேறு. காசின் எடையையும் உலோகத் தூய்மையையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது; காகித நோட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. இத்தாலி 1866இலேயே உலோகமாக மாற்றித்தர வேண்டிய கட்டாயம் இல்லாத நோட்டை அச்சிடத் தொடங்கிவிட்டது. தட்டிக்கேட்க யாருமில்லை. பெயரளவுக்கு 1927 வரை உயிரோடு இருந்து அந்த ஒன்றியம் முடிந்தது. வகுப்பு முடிந்து கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, 1967இலிருந்து சிங்கப்பூர் வெள்ளியும் புருணை வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்று மாறிக்கொண்டிருக்கின்றனவே, அது எப்படி நிலைத்தது என்று ஒருவர் கேட்டார். நோட்டுக்கு நோட்டு பின்னால் கையிருப்பு இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு என்றேன் நான். இரண்டு பேர் மட்டுமே என்பதால் என்றார் இன்னொருவர். இருபது நிமிடம் வாதம் நடந்தது. நல்ல வகுப்புக்கு அது அடையாளம்.

நான்காவதும் ஐந்தாவதும்தான் இந்தத் தொடரின் உயிர். செய்தித்தாளில் சுற்றிய கைப்பிடி அளவு நிலக்கரிக் கட்டி ஒன்று சுற்றில் வந்தது. வகுப்பு முடியும்வரை எல்லார் விரல்களிலும் நோட்டுகளிலும் கருப்பு. ஜெர்மனியின் ருர் பள்ளத்தாக்கின் நிலக்கரி, இரும்பை உருக்கத் தேவையான நல்ல கல்கரியாகும் (கோக்). பிரான்சின் லொரைனிலும் லக்சம்பர்க்கிலும் கிடைக்கும் ‘மினெட்’ என்ற இரும்புத்தாதுவில் இரும்பு குறைவு, பாஸ்பரஸ் மிகுதி, இருந்தாலும் அளவில்லாமல் கிடைக்கும். ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம், மற்றது இந்தப் பக்கம். ஒன்றில்லாமல் மற்றதற்குப் பயனில்லை. 1871இல் ஜெர்மனி லொரைனின் ஒரு பகுதியைப் பறித்தது, முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சு மீட்டது, 1923இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ருருக்குள் நுழைந்தன, 1940இல் மறுபடியும் ஜெர்மானியர். இடையில் 1926இல் லக்சம்பர்க்கின் எஃகு முதலாளி எமில் மயரிஷ் முன்னின்று, உற்பத்தியைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு கூட்டு ஏற்பாட்டை உண்டாக்கினார். முதலாளிகள் தங்களுக்குள் விலையைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. பொதுமக்களுக்கு அதில் இடமில்லை.

இந்தப் பின்னணியைக் கேட்ட பிறகுதான் 1950 மே 9ஆம் தேதி பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரோபேர் ஷூமன் வெளியிட்ட அறிவிப்பின் கூர்மை எனக்குப் புரிந்தது. பிரான்சு, ஜெர்மனி ஆகிய இரண்டின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் இரண்டுக்கும் மேலான ஓர் உயர் ஆணையத்தின் கீழ் வைப்பது, மற்ற நாடுகளும் சேரலாம் என்பதுதான் திட்டம். எழுதிக்கொடுத்தவர் கோன்யாக் நகரத்து மது வணிகக் குடும்பத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் போகாமலே உலகம் சுற்றிய ஷான் மொனே. முதல் உலகப் போரில் நேச நாடுகளின் கப்பல்களை ஒரே கணக்கில் வைத்து நிர்வகித்த அனுபவம் அவருக்கு உண்டு. விரிவுரையாளர் இதில் மயக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மேற்கு ஜெர்மனி மீண்டும் எழுந்துகொண்டிருந்தது; ருர் உற்பத்தியைக் கட்டுப்படுத்த 1949இல் அமைத்த ருர் அனைத்துலக ஆணையத்தின் பிடி நெடுநாள் நிலைக்காது; பிரான்சின் எஃகுத் திட்டமோ ருர் கல்கரியை நம்பியிருந்தது. பிடி நழுவுமுன் அதை இருவருக்கும் பொதுவாக்கிவிட்டால் பிரான்சுக்கு நிலக்கரி, ஜெர்மனிக்கு மரியாதை என்று அவர் சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது.

1951 ஏப்ரல் 18ஆம் தேதி பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் நிலக்கரி எஃகுச் சமூகத்தை உருவாக்கும் பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உயர் ஆணையத்தோடு ஒரு நீதிமன்றமும் வந்தது. இரண்டாம் வாரத்தில் காணாமல்போயிருந்த நடுவர் இங்கேதான் வருகிறார். நிலக்கரி, எஃகு நிறுவனங்களிடமிருந்து ஆணையமே நேரடியாகத் தீர்வை வசூலிக்கலாம். அரசுகளைக் கேட்காமல் வரி வாங்கும் ஓர் அமைப்பு என்றதும் என் தொழில்புத்தி நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஷூமன், மேற்கு ஜெர்மனியின் அதிபர் அடினாவர், இத்தாலியப் பிரதமர் டி காஸ்பெரி ஆகிய மூவரையும் பற்றி அவர் சொன்ன விதமும் அழகு. ஷூமன் லக்சம்பர்க்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, ஜெர்மனியில் சட்டம் படித்து, 1919இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனவர். இத்தாலியின் டி காஸ்பெரி ஆஸ்திரியப் பேரரசின் குடிமகனாகப் பிறந்து வியன்னா நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். அடினாவர் ரைன்லாந்துக்காரர். மூவரும் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்ள முடிந்தது. எல்லை நகர்ந்ததால் தாங்கள் நகராமலே நாடு மாறியவர்களின் கதை, ஜப்பானியர் காலம், பிரிட்டிஷார் காலம், மலேசியா, சிங்கப்பூர் என்று ஒரே வீட்டில் இருந்தபடியே பல கொடிகளைப் பார்த்த என் தந்தையார் தலைமுறையை நினைவுபடுத்தியது.

ஐந்தாம் வகுப்பின் இரண்டாம் பாதி சுரங்கத்துக்குள் இறங்கியது. 1946இல் இத்தாலியும் பெல்ஜியமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இத்தாலி ஐம்பதாயிரம் தொழிலாளர்களை அனுப்ப வேண்டும், பதிலுக்கு பெல்ஜியம் நிலக்கரி தரும். ஆளுக்கு நிலக்கரி. 1956 ஆகஸ்ட் 8ஆம் தேதி பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள்; அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது.

ஆறாம் வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது: விரிவுரையாளருக்கு உடல்நலமில்லை, பதிவுசெய்த காணொளி அனுப்பப்படும். அனுப்பினார்கள், ஐந்து நாள் கழித்து. பொதுப் படை ஒன்றை அமைக்கும் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத் திட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1954 ஆகஸ்டில் நிராகரித்தது, 1955இல் மெசினாவில் ஆறு அமைச்சர்கள் கூடி வண்டியை மறுபடி கிளப்பியது, 1957 மார்ச் 25ஆம் தேதி பொதுச்சந்தையை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் என்று மூன்று பெரிய செய்திகள் நாற்பது நிமிடக் காணொளியில் அடங்கிவிட்டன. கேள்வி கேட்க வழியில்லை. கட்டணத்தில் எட்டில் ஒரு பங்கைத் திருப்பித் தரலாமே என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ‘உள்ளடக்கம் வழங்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நானும் வாடிக்கையாளர்களுக்கு இதுபோன்ற வாசகங்களை எழுதியிருக்கிறேன் என்பதால் மேற்கொண்டு பேசவில்லை.

என்னுடைய உண்மையான மனக்குறை ஏழாம் வகுப்பில்தான். 1950இல் பிரிட்டன் ஏன் சேரவில்லை என்பது அன்றைய பாடம். தொழிற்கட்சி அரசு நிலக்கரியை அப்போதுதான் நாட்டுடைமை ஆக்கியிருந்தது, எஃகுக்கும் சட்டம் போட்டிருந்தது, அதை வெளியார் ஆணையத்திடம் ஒப்படைக்க மனமில்லை என்று விளக்கினார். சரிதான். காமன்வெல்த் என்ற சொல் ஒரே ஒரு முறை வந்துபோயிற்று. பிரிட்டிஷ் பவுண்டோடு நாணயத்தைப் பிணைத்திருந்த நாடுகளின் கூட்டமான ஸ்டெர்லிங் வட்டாரம் வரவே இல்லை. அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் காலனிகளிலேயே மிக அதிகமான அமெரிக்க டாலரைச் சம்பாதித்துக் கொடுத்தது மலாயா. ரப்பரும் வெள்ளீயமும் அமெரிக்காவுக்குப் போயின, டாலர் லண்டனின் பொதுக் கையிருப்புக்குப் போயிற்று. என் தாத்தா குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். ருர் நிலக்கரியின் வழியே இவ்வளவு நுட்பமாகக் கதை சொல்லத் தெரிந்தவர், பிரிட்டன் ஐரோப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றபோது எதன்மேல் சாய்ந்து நின்றது என்பதைச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு சொல்லாமல் விட்டது எனக்கு ஏற்பாக இல்லை. ரோம் ஒப்பந்தத்தின் வாசகத்திலேயே அல்ஜீரியாவின் பெயர் இருக்கிறது, ஆறில் நான்கு நாடுகளின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளையும் அது இணைத்துக்கொண்டது என்பதும் பேசப்படவில்லை. அமைதிக்கான திட்டம் என்பது ஒரு பாதி. பேரரசுகள் கைநழுவும் காலத்தில் போடப்பட்ட கணக்கு என்பது மறு பாதி.

வகுப்பு முடிவில் இதைக் கேட்டேன். கூடவே, சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தபோது எங்களுக்கும் ஒரு பொதுச்சந்தை வாக்களிக்கப்பட்டதே, 1963 சூலை 9ஆம் தேதி லண்டனில் கையெழுத்தான மலேசிய ஒப்பந்தத்தின் இணைப்பு ஒன்றில் அது எழுதப்பட்டு, 1965 பிரிவினைவரை நடைமுறைக்கு வராமலே போயிற்றே, அதற்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பில்லையா என்றும் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. ‘இதை நான் யோசித்ததில்லை, ஒரு வாரம் கொடுங்கள்’ என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

எட்டாம் வாரம், யூரோ நாணயத்தையும் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, திரையில் ஒரு பெயரைப் போட்டார்: ஷாக் ருயெஃப். மலேசியப் பொதுச்சந்தை பற்றி உலக வங்கி அனுப்பிய குழுவின் தலைவர் இந்தப் பிரெஞ்சுப் பொருளியலாளர். அவருடைய அறிக்கை 1963இல் வந்தது. அதே ருயெஃப், 1952இல் நிலக்கரி எஃகுச் சமூகத்துக்காக லக்சம்பர்க்கில் அமைந்த நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவர். ஆறு நாடுகளுக்கு நடுவராக உட்கார்ந்தவரைத்தான் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சந்தை போட்டுக்கொடுக்க அழைத்திருக்கிறார்கள். அவர் பொதுச்சந்தையைப் பரிந்துரைத்தார். ஆனால் இங்கே இரு அரசுகளும் வருமானப் பங்கீட்டிலும் வரி விகிதத்திலும் இழுபறியில் இருந்தன. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொண்ட, லக்சம்பர்க்கில் இருந்ததைப் போன்ற ஒரு நடுவர் இல்லை. அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். அந்த அரைமணிக்காகவே ஆறாம் வாரத்தை மன்னித்துவிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. குளிர்சாதனம் கடுமை, மூன்றாம் வாரத்திலிருந்து எல்லாரும் குளிர்ச்சட்டையோடு வந்தார்கள். அச்சிட்ட குறிப்புகளின் எழுத்து அறுபது வயதுக் கண்ணுக்கு ஏற்றதன்று. நிலப்படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்ததால் பிரஷ்யா எங்கே முடிந்து ஹனோவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மின்தூக்கி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இடைவேளையில் கொடுத்த காப்பியைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்; கீழே காப்பிக்கடை இருக்கிறது.

பள்ளியில் ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்கு முதல் வகுப்பும் எட்டாம் வகுப்பின் முதல் பாதியும் தேவைப்படாது. வர்த்தகம், சுங்கம், கப்பல், வங்கி ஆகிய துறைகளில் வேலை செய்பவர்கள் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குமாவது போய் உட்கார வேண்டும். தனித்தனி வகுப்புகளுக்குச் சீட்டு விற்பீர்களா என்று கேட்டுப்பார்த்தேன். முழுத் தொடராகத்தான் சேர முடியும் என்கிறார்கள். பாடத்திட்டத்தில் காலனிகளுக்கு ஒரு வகுப்பு சேர்க்கும் யோசனை இருப்பதாக விரிவுரையாளர் சொன்னார். சேர்த்தால் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் இன்னொரு முறை பணம் கட்டத் தயார்.